மார்கழியிலிருந்து சொட்டும் எண்ணெய்

காருக்கு அடியில் தண்டபாணி மல்லாந்து படுத்திருந்தார். சுலோசனாவுக்குத் தெரிந்தது அவருடைய கால்கள் மட்டும்தான், முழங்காலுக்குக் கீழே, அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்த விரிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு. நாற்பத்தாறு வருடமாகப் பார்க்கிற கால்கள். ஆனாலும் ஆளில்லாமல் கால்களை மட்டும் பார்க்கிறபோது நினைப்பு போகக் கூடாத இடத்துக்குப் போகிறது, வாசலில் பந்தல், நாலு பேர், கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிற துணி. அவள் அந்த நினைப்பைப் பாதியில் இழுத்து நிறுத்தினாள். பங்குனி வெயில் தகரக் கொட்டகையின் மேல் மூன்று மணிக்கும் தணியாமல் டக் டக்கென்று தகரத்தை விரித்துக்கொண்டிருந்தது. முன்சக்கரம் இரண்டும் மரச்சரிவில் ஏறி நிற்க, எழுபத்தொன்பதாம் வருடத்து வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு எதையோ முகர்ந்து பார்ப்பதுபோல் இருந்தது. "முக்கா இஞ்ச் ஸ்பேனர எடு புள்ள" என்றது அடியிலிருந்து குரல். எடுத்துக் கொடுத்தாள். விரல்கள் அதைத் தேடின, அவளுடைய மணிக்கட்டில் பட்டன, மணிக்கட்டை ஸ்பேனர் என்று நினைத்துப் பிடித்தன, விட்டன, பிறகு இரும்பைப் பிடித்தன. அவர் எதுவும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. கடைசியில் எல்லாமே இந்தச் சொல்லாததில்தான் வந்து நிற்கிறது, நாளைக் காலை ஏழு மணிக்குள் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த வண்டி ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறும், வால்பாறையில் இருக்கிற அவருடைய தங்கை சரசுவைக் கண் ஆபரேஷனுக்கு ஏற்றிக்கொண்டு அதே நாற்பதும் இறங்கும், இஞ்சினில் எண்ணெய் இருந்தால் இறங்கும். "அட, கையிலயே கழண்டு வருது பாரு" என்று அடியில் சிரித்தார். "நான் மாட்டின நட்டு எனக்கு மட்டும் அடங்கும். ஒர்க்‌ஷாப்காரனா இருந்தா நாலு பேர் தொங்கோணும்." அவளும் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் செய்தாள். எண்ணெய் வடிகிற துளையை அடைத்திருந்த நட்டு கையோடு வந்துவிட்டது, எண்ணெய் தட்டில் கொட்டுகிற சத்தம் கேட்டது, கனமாகத் தொடங்க வேண்டியது, தொடங்கவில்லை, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டதுபோல் சலசலத்தது. "ஏம்புள்ள, இது என்ன இப்படி ஓடுது? தண்ணியாட்ட!" "வெயில்ல கெடந்து சூடாயிருக்குமுங்க" என்றாள். வாய் தானாகச் சொன்னது. இந்த மூன்று மாதத்தில் வாய் நன்றாகப் பழகிவிட்டது.

டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். கோயமுத்தூர் பேசுகிறது, பொள்ளாச்சி வருகிறது, சேலம் லைனில் இருங்கள். பேசுகிறவர்களைவிடப் பேசாமல் இருக்கிறவர்களை அவளுக்கு நன்றாகக் கேட்கும். ஒருமுறை அவசர அழைப்பு ஒன்று, மத்தியானம், லாரிக்காரன் ஒருவனின் முதலாளி அவன் மனைவியிடம் பேசினார், மலையில் வண்டி நிற்கவில்லை, ஆள் போய்விட்டான் என்று சொன்னார். இணைத்துவிட்டு விலகிவிட வேண்டும் என்பதுதான் விதி. சுலோசனா விலகவில்லை. அந்தப் பக்கம் அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வெகுநேரம் கழித்து அந்தப் பெண் கேட்டாள், "சோறு எடுத்துட்டுப் போனாரு, சாப்பிட்டாருங்களா?" அந்தக் கேள்வியை எங்கே வைப்பது என்று தெரியாமல் இத்தனை வருடமும் அவள் சுமந்துகொண்டிருக்கிறாள். கேட்டுவிட்டுச் சொல்லாமல் இருப்பது தொழிலாக இருந்தது, பிறகு சுபாவமாகிவிட்டது. மார்கழியிலும் கேட்டாள். இதே இடம், இதே அட்டை, தண்டபாணி எண்ணெய் வடித்துவிட்டு நட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். கையால் திருகி, ஸ்பேனரால் இறுக்கி, அதோடு விடுகிறவர், இரண்டு விரல் பலம் போதும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், அன்றைக்கு அடியிலிருந்து கையை நீட்டி, "அந்த பைப்பு துண்ட எடு" என்றார். ஸ்பேனரின் காம்பில் குழாயைச் செருகி நெம்புவதற்கு. அவள் கொடுத்தாள். பம்ப் கம்பெனியில் முப்பத்தொரு வருடம், துளைக்குள் நட்டு திருகிப் பிடிக்கிற சுருள் பள்ளமான மரையைச் சோதிக்கிற வேலை பார்த்தவர், ஒவ்வொரு துளையிலும் அளவுகோலைச் செருகிப் பார்த்து, நுழைய வேண்டியது நுழைந்தால் சரி, நுழையக் கூடாதது நுழைந்தால் தள்ளு என்று தள்ளியவர். வீட்டுக்கு வந்து சொல்வார், "பலசாலி பயலால மரை கெடறதில்ல புள்ள. கை தளர்ந்தவன்தான் போதுமோ போதாதோன்னு சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு இறுக்கி, மரையக் கொன்னுபோடுவான்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு ஏளனம் இருக்கும், நாற்பது வயது ஆணின் ஏளனம். அன்றைக்குக் குழாயைப் பிடித்து நெம்பினார், ஒரு சுற்று, இன்னொரு கால் சுற்று. நறுக் என்று ஒரு சின்னச் சத்தம். பாக்கைக் கடித்தது போல. அவ்வளவுதான் சத்தம். "பிடிச்சிருச்சு" என்று திருப்தியாக வெளியே வந்தார். பிடித்தது விட்டுப்போன சத்தம் அது என்று அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை, அவருக்குக் காதும் கொஞ்சம் மந்தம், கைக்கு விரல் நுனி செத்துப்போய் ஒன்றரை வருடம்.

விரல் நுனி என்றால் டாக்டரின் அறை. சர்க்கரை நோய்க்கு வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிற சோதனை, கண்ணை மூடச் சொல்லி மெல்லிய நைலான் இழை ஒன்றால் விரலைத் தொடுவார் டாக்டர், தொட்டதும் சொல்ல வேண்டும். தண்டபாணி கண்ணை இறுக மூடிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "தெரியுதுங்க" என்றார். டாக்டர் இன்னும் தொடவே இல்லை. இழை காற்றில் நின்றது. "இப்பவும் தெரியுதுங்க" என்றார். டாக்டர் அவளைப் பார்த்தார், அவள் டாக்டரைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டிருந்த ஒருவரைச் சுற்றி இரண்டு பேர் கூடிப் பேசாமல் ஒரு தீர்மானத்துக்கு வந்தார்கள். அன்றிலிருந்து வரிசையாகப் போனது. பாங்கில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பினார்கள். சட்டைப் பித்தானை அவளே போட ஆரம்பித்தாள், ஆசையாகப் போடுகிற மாதிரி, "இருங்க, கழுத்துப்பட்டை மடங்கியிருக்குது" என்று ஏதாவது சொல்லிக்கொண்டு. வேட்டி இடுப்பில் நிற்காததால் பேண்ட்டுக்கு மாறினார், வசதி என்று சொன்னார். மிச்சம் இருந்தது வண்டி ஒன்றுதான். வண்டியை ஓட்டும்போது ஸ்டீயரிங் வட்டம் கைக்குள் இருக்கிறதே, அதைப் பிடித்திருக்கிறாரா இல்லையா என்பது அவருக்கு எப்படித் தெரிகிறது என்று அவள் பலமுறை யோசித்திருக்கிறாள், யோசித்து, கேட்காமல், பக்கத்து சீட்டில் முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எண்ணெய் இப்போது கொட்டுவதை நிறுத்திக் கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. "முழுசா வடியட்டும்" என்றார் அடியிலிருந்து. "அவசரப்பட்டா அடிக்கசடு தங்கிரும்." அவருடைய இடது கால் லேசாக ஆடிக்கொண்டிருந்தது, ஏதோ ஒரு பழைய பாட்டின் தாளத்துக்கு, சந்தோஷமாக இருக்கிறார், கடவுளே, இந்த மனிதர் சந்தோஷமாக இருக்கிறார்.

அந்த நறுக்குக்கு அடுத்த நாள் காலை, கோலமாவு டப்பாவோடு வெளியே வந்தவள் வண்டிக்கு அடியில் பார்த்தாள். உளுந்தளவு ஒரு கறுப்புப் பொட்டு. தரையில் அது பளபளவென்று ஈரமாக இருந்தது. அவள் குனிந்து முந்தானையால் துடைத்தாள். ஏன் துடைத்தாள்? அப்போது அதற்குக் காரணம் எதுவும் இல்லை. அவர் எழுந்து வந்து பார்ப்பதற்குள் என்கிற ஒரு பதற்றம்தான், குழந்தை பாயை நனைத்துவிட்டால் விருந்தாளி வருவதற்குள் சுருட்டி வைக்கிற மாதிரி. மறுநாள் மிளகளவு இரண்டு. அப்புறம் தினமும். மரத்தூளும் சோடா மாவும் கொஞ்சம் தனியாக வாங்கி வைத்தாள், கோலம் போடுவதற்கு முன்னால் வண்டிக்கு அடியைத் துடைப்பது ஒரு காரியமாகிவிட்டது. துடைத்துவிட்டால் சொட்டு போய்விடும், குறைகிற எண்ணெயை என்ன செய்வது? ஞாயிறுதோறும் அவர் இஞ்சினில் இருக்கிற அளவுக் குச்சியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டு இழுத்துப் பார்ப்பார், அவருடைய பூஜை அது. அதனால் சனிக்கிழமை மாலை அவர் நடக்கப் போகிற நேரத்தில் அவள் பானெட்டைத் தூக்கி ஊற்றிவிடுவாள். ஞாயிறு காலை குச்சியை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கூப்பிடுவார், "வந்து பாரு, ஒரு நூல் குறையல. கை வெச்சா அப்படி இருக்கோணும்." அவள் வந்து பார்த்து, "ஆமாங்க, குறையலைங்க" என்பாள். ஆனால் என்ன எண்ணெய் வாங்கினாள் அவள்? அவர் எப்போதும் போடுவது இருபது-ஐம்பது, கெட்டி எண்ணெய், பழைய இஞ்சினுக்கு உள்ளே தேய்ந்து போய் இடைவெளி விழுந்திருக்கும், அந்த இடைவெளியில் நின்று பிடிக்கிற எண்ணெய் வேண்டும் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், அவள் எத்தனையோ முறை கேட்காமல் இருந்திருக்கிறாள். உதிரிபாகக் கடையில் வண்டிக்கு ஆயில் வேண்டும் என்றாள். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "என்ன வண்டிங்கம்மா?" என்றார். வண்டியின் பெயரைச் சொன்னால் இந்தப் பகுதியில் அந்த வண்டி ஒன்றுதான், சாயங்காலமே அவர் காதுக்குப் போய்விடும். "கார்தானுங்க, வீட்டுக் கார்" என்றாள். "எல்லா காருக்கும் ஒரே ஆயில் போட்டா அப்புறம் நாங்க எதுக்குங்கம்மா கடை வெச்சிருக்கறோம், சமையலுக்கே நாலு எண்ணெய் வெச்சிருப்பீங்க" என்று சிரித்தார். "புது வண்டியா?" "ஆமாங்க." அந்த ஒரு ஆமாவுக்கு அவர் கொடுத்தது ஐந்து-முப்பது, மெல்லிசு, உசத்தி. வீட்டில் அதை ஊற்றும்போதே தெரிந்தது, மோர் மாதிரி இறங்கியது. அது உள்ளே போய் நாற்பது வருடத்துக் கசடைக் கரைத்தது, அந்தக் கசடு எங்கெங்கே இடுக்கை அடைத்துக்கொண்டிருந்ததோ அதையெல்லாம் திறந்துவிட்டது. மிளகளவு சொட்டு மாசிக்குள் ரூபாய் அகலம் ஆனது. அவள் எதற்காக ஊற்றினாளோ அதனாலேயே இன்னும் ஒழுகியது, ஒழுகுகிறதே என்று இன்னும் ஊற்றினாள். நடுவில் நிறுத்திச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் அன்றைக்குச் சொன்னால் முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி ஒரு நாள் அதிகமாக வளர்ந்து நின்றது, அதுவும் சொட்டுதான், தினம் ஒரு சொட்டு.

எண்ணெய்க் கயிறு இப்போது நூலாகியிருந்தது. நூல் அறுந்து சொட்டாகும். சொட்டு நின்றால் நட்டை மாட்டச் சொல்வார். தட்டில் விழும் சத்தத்துக்கு நடுவே இடைவெளி கூடக் கூட அவளுடைய மூச்சும் அந்த இடைவெளிக்குத் தக்கபடி நின்று நின்று வந்தது. மலையில் என்ன நடக்கும்? அவளுக்கு இஞ்சின் தெரியாது, ஆனாலும் நாற்பத்தாறு வருடம் அவர் பேசியதில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. எண்ணெய் வற்றினால் சிவப்பு விளக்கு எரியும், அந்த விளக்கு போன வருடமே பழுது. அப்புறம் உள்ளே இரும்பும் இரும்பும் உரசும். அப்புறம் இறுகி நின்றுவிடும், வளைவில் பாதி ஏறியிருக்கும்போது. பின்னால் எஸ்டேட் லாரி. அவர் பிரேக்கை மிதிப்பார், கைப்பிரேக்கை இழுப்பார், இழுத்தோம் என்று நினைப்பார். தெரியுதுங்க என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன அதே முகம். அவளுக்கு ஒன்றும் ஆகாவிட்டால்? அவள் மட்டும் பிழைத்தால்? யாராவது அவளுக்குப் போன் செய்வார்களா, இல்லை, அவள்தான் சரசுவுக்குச் செய்ய வேண்டும், சரசு என்ன கேட்பாள். அந்த லாரிக்காரன் மனைவியின் பெயர்கூடத் தெரியாது. "ஏம்புள்ள, தூங்கிட்டயா?" "இல்லைங்க." "இந்த நட்ட வாங்கு. வாசர் காய்ச்சி வெச்சியா?" வைத்திருந்தாள். செம்பு வளையம், முன்பு கழற்றி வைத்த பழையதையே அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும், அமுங்கி அடைத்துக்கொள்ளும், புதிது வாங்கத் தேவையில்லை என்பது அவர் பழக்கம். அவள் சிக்கனமாகச் சாம்பார் தாளித்த அடுப்பிலேயே காய்ச்சியிருந்தாள். கரண்டியில் வைத்து நீட்டினாள். "மரைய கொஞ்சம் பாரு. கண்ணாடி உள்ள வெச்சுட்டு வந்துட்டேன். நான் தடவிப் பாத்தேன், நல்லாத்தான் இருக்குது." அடியிலிருந்து கறுத்த கை ஒன்று நட்டை நீட்டியது. வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நட்டின் மரை நன்றாகத்தான் இருந்தது. அந்த மரைப் பள்ளங்களில் சுருள் சுருளாக ஒரு வெள்ளிக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தது, தலைமுடி கனத்தில், பளபளவென்று. அது நட்டினுடையது இல்லை. வண்டியின் அடித்தொட்டித் துளைக்குள் இருந்த மரை, மொத்தமாக உரிந்து வெளியே வந்திருக்கிறது. இனி துளை வெறும் துளை. அதைத் தடவிப் பார்த்து நல்லாத்தான் இருக்குது என்று சொல்லியிருக்கிறது அந்த விரல். இப்போது சொல் என்றது ஏதோ ஒன்று. எதிர் வீட்டு மாடியில் யாரோ துணி உதறினார்கள். அவள் அந்தச் சுருளை நகத்தால் கிள்ளி எடுத்தாள், அது அவள் விரலைக் கீறி ஒரு ரத்தப் பொட்டு வைத்தது. "என்ன புள்ள?" "நல்லா இருக்குதுங்க" என்று நட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் திருகும் சத்தம் கேட்டது. திருகினார், திருகிக்கொண்டே இருந்தார். ஏழு சுற்றில் நிற்க வேண்டியது எட்டிலும் நிற்கவில்லை, ஒன்பதிலும் நிற்கவில்லை, எண்ணெய் பூசிய இரும்பு வழுக்கென்று சுற்றும் சத்தம். அவளுக்கு அது நாராசமாகக் கேட்டது. ஸ்பேனர் வைத்தார். அதுவும் சுற்றியது. ஒரு கணம் சத்தமே இல்லை. அந்தக் கணத்தை அவள் கேட்டாள். எக்ஸ்சேஞ்சில் கேட்ட எத்தனையோ மௌனங்களில் இப்படி ஒன்று உண்டு, அந்தப் பக்கத்தில் இருப்பவருக்குப் பாதி புரிந்து, மீதியைப் புரிந்துகொள்ள மனமில்லாமல் நிற்கிற மௌனம். பிறகு குரல் வந்தது, வழக்கத்தைவிட உரக்க. "பிடிச்சிருச்சு!" அட்டையோடு சேர்ந்து முதுகைத் தேய்த்துத் தேய்த்து வெளியே வந்தார், முழங்கையை ஊன்றி எழுந்தார், அவள் கையைக் கொடுக்கவில்லை, கொடுத்தால் அவருக்குப் பிடிக்காது. "ஊத்து" என்றார். "கெட்டி ஆயிலு, நாலு லிட்டர், மலையேறுறதுக்கு அதுதான் சாமி." அவரே நேற்று வாங்கி வந்த கேன் அது. புனலை இஞ்சினின் வாயில் வைத்துவிட்டு அவள் கேனைத் தூக்கினாள். சாய்த்தாள். தேன் மாதிரி இறங்கியது, பொன்னிறத்தில், அவசரமே இல்லாமல், எத்தனை அழகு, இதைத் தலையில் வைத்துத் தேய்த்துக்கொள்ளலாம் போல. சொல்லாமல் இருப்பதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. அவளால் சொல்ல முடியாது. ஆனால் நிறுத்தாமல் ஊற்ற முடியும். புனல் நிறைந்து குரல்வளை மாதிரி ஒரு சத்தம் செய்து விழுங்கியது, மறுபடி ஊற்றினாள். உள்ளே எங்கெங்கோ அது வழிந்து இறங்குவதை அவள் பின்தொடர்ந்தாள், இரும்பு மாடிகளில், சந்துகளில், கீழே கீழே, கடைசியில் அந்த வெறும் துளைக்கு. முதலில் ஒன்று. அடியில் இருந்த தட்டில், தடித்த ஒரு சொட்டு. அப்புறம் ஒன்று. அப்புறம் பொத்தென்று நட்டே விழுந்தது, அதன் மேல் எண்ணெய் வழிந்து இறங்கியது.

"என்ன புள்ள சத்தம்?"

"ஆயிலுங்க."

"எங்க?"

"கீழங்க."

அவர் குனியவில்லை. குனிந்தால் எழ முடியாது என்பதற்காக அல்ல, பார்க்க வேண்டியது எதுவும் அங்கே இல்லை என்பதுபோல் நின்றார். அவள் கேனை நிமிர்த்தவில்லை, ஊற்றிக்கொண்டே இருந்தாள், இரண்டாவது லிட்டரும் போனது, மேலே ஊற்றுவதும் கீழே விழுவதும் ஒரே சத்தமாக ஆகிவிட்டது. "நிறுத்து" என்றார். நிறுத்தினாள். கீழே மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் காலால் நகர்த்தி அவர் உட்கார்ந்தார், எண்ணெய்க் கைகளைத் தொடையில் படாமல் காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "எப்ப இருந்து?" என்றார். "மார்கழில இருந்துங்க." "அன்னைக்கேவா?" "அன்னைக்கே எனக்குக் கேட்டுச்சுங்க." திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும், அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம், அழலாம், அழுகையில் பாதியைக் கழித்துவிடலாம். அவர் தகரத்தின் ஓட்டை வழியே விழுந்த வெயில் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருடம் ஊரார் மரையைத் தள்ளியவர். தள்ளப்பட்ட வார்ப்புகளையெல்லாம் சாயங்காலம் குவியலாக உருக்கும் உலைக்கு அனுப்புவார்கள் என்று எப்போதோ சொன்னார், அவளுக்கு அது இப்போதுதான் ஞாபகம் வர வேண்டுமா. "தினமும் தொடச்சயாக்கும்" என்றார். "ஆமாங்க." "ஊத்தினது?" "மெல்லிசுங்க. தெரியாம வாங்கிட்டேன்." "அதுதான் பாத்தேன், தண்ணியாட்ட" என்றார், அந்த ஒன்றுக்காவது விடை கிடைத்ததில் ஒரு சின்ன நிம்மதிபோலத் தலையை ஆட்டிக்கொண்டு. அது அவளை அறைந்ததைவிட மோசமாக இருந்தது.

எண்ணெய் நூலாகி, அறுந்து, நின்றது. எதிர் வீட்டில் ரேடியோவைப் போட்டார்கள், உடனே அணைத்தார்கள். "வால்பாறைக்குக் காலைல பஸ்ஸு எப்ப?" என்றார் வெயில் வட்டத்தைப் பார்த்தபடியே. "ஆறே காலுக்கு உக்கடத்துல இருந்துங்க, பொள்ளாச்சில மாறிக்கலாம்" என்றாள். சொன்ன மறுகணமே தெரிந்தது, ஒரு மூச்சு கூட யோசிக்கவில்லை அவள், தெரியலைங்க, கேட்டுப் பாக்கறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் முகம் மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. "எப்ப விசாரிச்ச?" "முந்தாநேத்துங்க." முந்தாநேற்று அவர் மரச்சரிவை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அட்டைப்பெட்டி தேடிக்கொண்டிருந்தார். அவள் டீ கொண்டுவந்து கொடுத்தாள், சூடு போதுமா என்று கேட்டாள். அவர் அவளைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார், அவளுக்குத் தன் இரண்டு காதையும் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, இவ்வளவு காலம் கேட்டது போதும் என்று. "சரி" என்றார். குரலில் கோபம் இல்லை, அதில் எதுவுமே இல்லை. "பஸ்ஸுல ஏறறப்ப என்ற கைய நீ புடிச்சுக்க. கம்பியப் புடிச்சிருக்கறனா இல்லையான்னு எனக்குத் தெரியறதில்ல."